சூரியகாந்திக்கு முன்னால் வருகிறவர்கள்

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்துக்கு யார் வருவார்கள் என்பது தென்காசி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். புளியரை இறங்கி வரும் கேரளக் கார்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். குடும்பம் குடும்பமாகச் சூரியகாந்தி வயலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ‘அந்நியன்’ படத்துக்காக வர்ணம் பூசிய பாறையையும் பார்த்துவிட்டு, குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு மலையேறிவிடுவார்கள்.

பங்குனியில் வருகிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. பிசான நெல்லை அறுத்து, தாள் காய்ந்து கிடக்கும் வயல்களில் நூற்றுக்கணக்கான செம்மறிகளோடு கிழக்கேயிருந்து வந்து இறங்கும் கிடைக்காரர்கள் அவர்கள். ஒரு வயலில் ஓரிரு ராத்திரி, அடுத்த வயலில் ஓரிரு ராத்திரி என்று நகர்ந்து, கார் சாகுபடிக்குத் தண்ணீர் பாயும் முன்னால் போய்விடுவார்கள். சூரியகாந்திக்குச் சுற்றுலாப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. ஆட்டுக்கிடைக்கு எந்தத் துறையின் கோப்பிலும் சரியான இடம் கிடையாது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. இந்த ஆடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் நடக்கின்றன. விற்றால் மாநிலம் விட்டு மாநிலம் போகின்றன. அவற்றைப் பார்க்க வேண்டிய நிர்வாகமோ ஊர் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது.

கரிசலும் நன்செய்யும்

கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று விரியும் கரிசல். அதற்கும் அப்பால் ராமநாதபுரம். மேற்கே சிற்றாறும் அனுமன் நதியும் பாயும் தென்காசி நன்செய். இந்த இரு கோடிகளுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலும், ஆட்டுக்காரரின் கணக்கில் இது ஒரே காடு. ஓரிடத்தில் புல் தீரும்போது இன்னோர் இடத்தில் தாள் கிடக்கும்.

ஐப்பசி மழையில் கரிசல் மண் சகதியாகிவிடும். அதில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகும். அதனால் அந்தப் பருவத்தில் மந்தையைச் செவல் காட்டுக்கு ஓட்டுவார்கள். தை, மாசியில் கரிசலில் சோளமும் உளுந்தும் பருத்தியும் எடுத்த காடுகளில் மேய்ச்சல் இருக்கும். பங்குனி பிறந்தால் கரிசல் வெடித்துக் கிடக்கும். குடிக்கத் தண்ணீரும் இருக்காது. அப்போது நெல்லறுத்த நன்செய்யைத் தேடி மேற்கே வருவார்கள். ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்க, இங்கே நாற்றுப் பாவ ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு மந்தைக்கு வயலில் இடமில்லை. குளத்துக்கரை, தரிசு, மலையடிவாரம் என்று ஒதுங்கிக் கிழக்கே திரும்ப வேண்டியதுதான்.

இந்தப் போக்குவரத்தில் எழுத்து வேலையே கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. முன்பு கீதாரி, அதாவது மந்தைக்குத் தலைமை தாங்குகிறவர், ஒரு மாதம் முன்னதாக வந்து ஊர் ஊராக விசாரித்துவிட்டுப் போவார். இப்போது செல்போன்.

“அண்ணாச்சி, நம்ம பத்துல அறுப்பு முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு கோனாரே. வைக்கல் சுருட்டுத மிஷின் நிக்கி. ரெண்டு நாள் பொறுத்து வாரும். போன வருசம் மாதிரி பக்கத்து வயக்காரனுக்கு மொதல்ல போட்டுறாதேயும்!”

இந்தப் பக்கம் மாசி, பங்குனியில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதில் யார் யாரிடம் கேட்டு நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். வெளியூர்க்காரர்தான் இடம் கேட்டு வருகிறார். ஆனால் முதல் ராத்திரி யார் வயலுக்கு என்ற போட்டி உள்ளூர்க்காரர்களுக்குள் நடக்கிறது.

ஒரு ராத்திரியின் வேலை

பொழுது சாயும் நேரம் மந்தை வயலுக்குள் இறங்கும். அதற்குள் நாலு பக்கமும் கம்பு ஊன்றி வலை கட்டியிருப்பார்கள். முன்பு முள் வெட்டி அடைத்தார்கள்; நைலான் வலை வந்தபிறகு அந்த வேலை போயிற்று. பால்குடி மறக்காத குட்டிகளைத் தனியாகக் குடாப்பு என்ற கூண்டில் போட்டு மூடியிருப்பார்கள். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் தாய் ஆடுகள் வலைக்குள் நுழைந்ததும் அந்தக் குடாப்பைத் திறக்க வேண்டும். நூறு குட்டிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடும். எந்தக் குட்டி எந்த ஆட்டிடம் போக வேண்டும் என்பதை மோந்து பார்த்தே இரண்டும் முடிவு செய்துகொள்ளும். சில தாய்கள் தம் குட்டியையே சேர்க்காமல் உதைக்கும். அவற்றைப் பிடித்து நிறுத்தி ஊட்டவிட ஓர் ஆள் வேண்டும். இது முடியவே அரைமணி, முக்கால் மணி நேரம் ஆகும்.

பல குடும்பத்து ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்ததுதான் ஒரு கிடை. காதில் போட்ட வெட்டோ முதுகில் வைத்த சாயமோதான் உரிமைப் பத்திரம். ராத்திரி முழுக்க முறைபோட்டுக் காவல். நாய், நரி, திருடன், இடி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காவல். விடியற்காலையில் ஆடுகளை எழுப்பிக் கிடைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டுவார்கள். படுத்த இடத்திலேயே புழுக்கையும் மூத்திரமும் குவியாமல் வயல் முழுக்கப் பரவட்டும் என்பதற்காக. அக்கறையில்லாத கிடைக்காரர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டால் நிலத்துக்காரர் மறுநாளே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த நாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் ஊன்றுவார்கள். சட்டி பானை, குட்டி, கட்டில் எல்லாம் இப்போது ‘குட்டி யானை’ வண்டியில் ஏறிப் போகிறது. ஆடும் ஆளும் மட்டும் இன்னும் நடைதான்.

நிலத்துக்காரர் காசு கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறார். ஏன்? ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. நாம் வண்டி வண்டியாக அடிக்கும் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். அதோடு, எருவை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினால் மூத்திரம் தொழுவத்திலேயே போய்விடும். கிடையில் அதுவும் மண்ணுக்குள் இறங்குகிறது. சூட்டோடு உழுதுவிட்டால் சத்து ஆவியாகாது. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இந்த ஒப்பந்தம் நேற்று முளைத்ததல்ல. சோழர், பாண்டியர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் புரட்டினால் விளக்குக்கு ஆடு விட்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு, சில இடங்களில் 90. மந்தையை ஏற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் இத்தனை நெய் அளக்க வேண்டும். செத்தது போகப் பிறந்தது சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்றே பொறித்தார்கள். எனக்கு இதில் பிடித்தது பக்தி அல்ல, நிர்வாகம். மந்தை நடமாடும் சொத்து, அது எங்கே மேய்ந்தாலும் பொறுப்பு இன்னாருடையது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து நம்மிடம் அப்படி ஒரு காகிதம் கூட இல்லை.

அஞ்சு துறை, ஒரு ஆடு

சுந்தரபாண்டியபுரத்தை நோக்கி வரும் ஒரு மந்தை எத்தனை அதிகாரிகளின் எல்லைக்குள் நடக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் குடிக்கும் குளம் நீர்வளத்துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தம். மதியம் நிழலுக்குப் படுக்கும் மேய்க்கால் புறம்போக்கு வருவாய்த்துறையிடம். நடக்கும் சாலை நெடுஞ்சாலைத்துறையிடம். மலையடிவாரம் வனத்துறையிடம். ஆட்டின் உடம்பு மட்டும் கால்நடை பராமரிப்புத்துறையிடம். இந்த ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டைப் பற்றிப் பேசிய வழக்கம் இல்லை.

மேய்க்கால் புறம்போக்கின் கதை நாடு முழுவதும் ஒன்றுதான். ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆடு வந்தது, அது மேய வேண்டிய நிலம் எங்கே என்ற கேள்வி மட்டும் திட்டத்தில் வரவில்லை. ஆக்கிரமிப்பு என்றதும் நமக்குத் தனியார் வேலிதான் நினைவுக்கு வரும். ஆனால் பஸ் நிலையம், குப்பைக் கிடங்கு, அலுவலகக் கட்டடம் என்று அரசே எடுத்துக்கொண்ட புறம்போக்கும் கொஞ்சமல்ல.

நன்செய்யிலும் மாற்றம். அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோல் சுருட்டும் இயந்திரம் வருகிறது. உருளை உருளையாகக் கட்டப்பட்ட வைக்கோல் லாரி ஏறிக் கேரளத்துப் பால்மாடுகளுக்குப் போகிறது. நிலத்துக்காரருக்கு அது உடனடிக் காசு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிடைக்கு மிஞ்சுவது அடித்தாள் மட்டும். பூச்சி மருந்து, களைக்கொல்லி அடித்த வயல் எது என்று விசாரிக்காமல் மந்தையை இறக்கவும் முடியாது. சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பற்றிச் சிலர் புகார் சொல்வதுண்டு. ஆட்டைப் பொறுத்தவரை காற்றாலை தொந்தரவில்லை, அதன் அடியில் மேய்ந்துகொண்டு போகலாம். சோலார் பண்ணை அப்படியல்ல. கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டால் அந்த நிலம் மந்தையின் வழித்தடத்திலிருந்து அழிந்தது மாதிரிதான்.

மலையேறும் வழக்கு

மேற்கே பார்த்தால் காடு. கடையநல்லூர், குற்றாலம், சிவகிரி மலைப்பகுதிகள் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தெற்கே களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எதிலும் கால்நடை மேயக் கூடாது என்று முதலில் உத்தரவிட்டு, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கியும் தென்காசி மலையடிவாரத்துக்குப் பெரிய ஆறுதல் இல்லை. இங்கே மலையின் பெரும்பகுதி சரணாலயம்.

இதில் அரசியலும் சூடு பிடித்தது. 2025 ஜூலையில் நாம் தமிழர் கட்சி மதுரை அருகே ஆடு மாடுகளை நிறுத்தி மாநாடே நடத்தியது. அடுத்த மாதம் போடி பக்கம் மலையில் மாடு மேய்க்கும் போராட்டம். மேடையில் பேசியது எவ்வளவு தூரம் உதவியது என்பது வேறு விஷயம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சலையும் சமூக உரிமையாக எழுதியிருக்கிறது. அதை எழுப்பி மனுப்போட்டு, ஊர்ச்சபை கூட்டி, வரைபடம் கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

காட்டுப் பக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மந்தையோடு நோயும் ஏறும் என்று அவர்கள் பயப்படுவது கற்பனையல்ல. 1968இல் வெக்கை நோய் முதுமலைப் பக்கம் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. மாடும் காட்டெருமையும் ஒரே தண்ணீரில் வாய் வைத்தால் அதுதான் நடக்கும்.

ஆனால் அந்த வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. அது போன விதம்தான் இந்த விஷயத்துக்குப் பாடம். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995இல், நம் வடஆர்க்காட்டில். நாட்டை மாநிலமாகப் பார்க்காமல் மண்டலங்களாகப் பிரித்து, மாடு எந்தச் சந்தையிலிருந்து எந்த வழியாக எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து ஊசி போட்டார்கள். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாடு நடப்பதைத் தடுத்து நோயை ஒழிக்கவில்லை. நடக்கிற வழியைத் தெரிந்துகொண்டு ஒழித்தார்கள்.

இன்று ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகத்தைவிட்டு ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ஊசி முகாம் ஊர்ப் பட்டியல்படி நடக்கிறது. விளாத்திகுளத்து மந்தை தன் ஊரில் முகாம் நடக்கும் நாளில் பாவூர்சத்திரம் பக்கம் நிற்கும். இங்கே முகாம் நடக்கும்போது கிழக்கே போயிருக்கும். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், நல்ல வசதிதான். அழைக்கிறவருக்கு நிற்கும் வயலின் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

எல்லை என்பது எது?

1956 நவம்பர் 1க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலப் பிரிவினையில் அந்தத் தாலுகாவே இரண்டாக வெட்டப்பட்டு, செங்கோட்டை இந்தப் பக்கமும் ஆரியங்காவு அந்தப் பக்கமும் ஆயின. புளியரைக்கு மேலே இப்போது நிற்கும் எல்லைக்கோட்டுக்கு எழுபது வயதுதான் ஆகிறது. கணவாய்க் காற்றும் யானையும் இன்னும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கோட்டில் எதெதற்கு ஏற்பாடு இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தமிழ்நாட்டுப் பாலைச் சோதிக்க ஆரியங்காவில் கேரளப் பால்வளத்துறையின் ஆய்வகம் இருக்கிறது. கால்நடைச் சோதனைச் சாவடி இருக்கிறது. வைக்கோல் லாரிக்கு ரசீது இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையிலும் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையிலும் கைமாறும் ஆடு மாடுகள் இந்த வழியாகக் கறிக்காகப் போகின்றன. அதற்குக் காகிதம் உண்டு. உயிரோடு திரும்பி வரப்போகிற, மேய்ச்சலுக்காக நடக்கிற ஆட்டுக்கு மட்டும் மாவட்ட எல்லையில்கூட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதனால் அது எப்போதும் அத்துமீறி நுழைந்ததாகவே கருதப்படுகிறது. திருட்டுப் போனாலும், தண்டவாளத்தில் அடிபட்டாலும், இடி விழுந்தாலும் எந்தக் காவல் நிலையம், எந்தத் தாசில்தார் என்ற அலைச்சலில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன, அதுவும் நாம் நினைக்காத இடங்களில். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1998இல் ஒரு முடிவெடுத்தது. மந்தையோடு நாட்டெல்லை கடக்கும் மேய்ப்பரிடம் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும்: எத்தனை உருப்படி, என்ன ஊசி போட்டது, எந்த வழி, எங்கே போகிறது. அதைக் காட்டினால் எல்லையில் வழிவிட வேண்டும். அங்கே இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். விவசாயிக்கும் மேய்ப்பருக்கும் வெட்டுக்குத்து ஓயவில்லை. ஆனால் நடப்பது குற்றமல்ல என்று பல நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஸ்பெயினில் 1995இல் ஒரு சட்டம், நாடெங்கும் சுமார் 1,25,000 கிலோமீட்டர் மந்தை வழிகளைப் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கிறது. அந்த உரிமையை நினைவூட்ட ஆண்டுதோறும் மாட்ரிட் நகரத்து நடுவீதியில் ஆடுகளை ஓட்டிச் செல்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் கர்நாடகம் 2025இல் இடம்பெயரும் ஆட்டிடையர்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

மங்கோலியா முன்மொழிய, 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் கருத்தரங்கு நடக்கும், பேனர் கட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், இடம்பெயரும் மேய்ப்பர்களையும் முதல்முறையாகத் தனியே கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார்களே, அதில் இருக்கிறது. 2019 கணக்குப்படி தமிழ்நாட்டில் 45 லட்சம் செம்மறிகள். அதில் எத்தனை நடக்கிறது, எத்தனை பட்டியிலேயே நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல அப்போது வழியில்லை. அந்த எண் வந்துவிட்டால், இல்லாத ஆட்டுக்கு ஏன் வழி என்று கேட்க முடியாது.

சட்டமன்றத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலையும் உண்டு. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கால்நடைத்துறை இணை இயக்குநர்களும் வருஷத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும். கொல்லத்திலிருந்து ஒருவரையும் கூப்பிட வேண்டும், ஆடு கடைசியில் போய்ச் சேருவது அங்கேதான். வருவாய்த்துறையும் வனத்துறையும் தங்கள் வரைபடத்தைக் கொண்டுவரட்டும். கீதாரிகள் நாலு பேரைக் கூப்பிட்டால் எந்த மாதம் எந்தக் குளத்தில் மந்தை நிற்கும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். அந்தக் குளங்களின் கரையில் வேலி போடாமல் ஒரு பாதை விடச் சொல்லலாம். எந்த மாவட்டத்தில் போட்ட ஊசியானாலும் எல்லா மாவட்டத்திலும் செல்லும்படி ஒரே அட்டை கொடுக்கலாம். கிடை போடுகிற விவசாயிக்கு இயற்கை வேளாண்மை மானியத்தில் ஒரு பங்கு கொடுத்தால், வைக்கோலைச் சுருட்டி அனுப்புவதா, ஒரு பகுதியையாவது ஆட்டுக்கு விடுவதா என்று அவர் யோசித்துப் பார்ப்பார்.

கூட்டம் நடக்கிற மாதம்தான் முக்கியம். சித்திரையில் கூட்டினால் மந்தை பாதி வயல்களைத் தாண்டியிருக்கும், ஆடியில் கூட்டினால் ஊருக்குத் திரும்பியிருக்கும். தையில், பிசானம் கதிர் பிடிக்கும் நேரத்தில் கூட்டினால், கிடை மேற்கே கிளம்பும் முன்னால் ஊசி மருந்து கரிசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.